பேய் திருத்திய கணக்கு

1

போன் அடித்தது!

கரும்புத் தோட்டத்து ஓரம்... கீற்றுக் கொட்டகைக்குள்ளே... ஒரு பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில்!

திரையில் 'அம்மா' என்று மின்னியது. நின்றது. மறுபடியும் அடித்தது.

எடுக்க வேண்டிய உஷாராணி எடுக்கவில்லை. இனிமேல் எடுக்கவும் மாட்டாள்.

வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் பூச்சிமருந்து பாட்டில். விரல்களுக்கு நடுவே ஒரு துண்டு சாக்பீஸ்.

தலைக்கு மேலே கரும்பலகை. அதில் வெள்ளையாய், பெரிதாய்...

100000000000666000000000001

களை எடுக்க வந்த பவுனம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் கரும்புக்குள் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின.

"ஐயோ... பேய் நம்பரு டீச்சர அடிச்சிப் போட்டுருச்சே!"

கிருமாம்பாக்கம் முழுக்க அதையே திரும்பச் சொன்னது.

உஷாராணியை ஊர் அப்படித்தான் கூப்பிடும். பேய் நம்பர் டீச்சர்.

காலனியில் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. போட்ட முதல் ஆள். காலேஜ் வேலைக்கு இன்டர்வியூ போனாள். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்னும் அனுப்பவில்லை. இனி அனுப்புவதாக இருந்தால் கல்லறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அதனால் ஊர்ப் பெரும்புள்ளி எழிலரசனின் கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில் டியூஷன். தினமும் பாடம் ஆரம்பிக்கும் முன் பலகையின் தலையில் அந்த எண்ணை எழுதுவாள். ஒன்று... வரிசையாய் சைபர்... நடுவில் 666... மறுபடி வரிசையாய் சைபர்... ஒன்று.

பைபிளில் அந்த மூன்று ஆறும் பிசாசின் எண். மாதா கோயிலுக்குப் போகிற ஜனம் முகம் சுளிக்காமல் இருக்குமா?

இப்போது சுளிக்கத் தேவையே இல்லை. "அப்பவே சொன்னோம்ல?" என்று சொன்னால் போதும்.

2

தவளக்குப்பம் மொபைல் கடையில் வேலை பார்க்கும் தங்கை சுகன்யா, கடலூர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

அழுதாள். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள்.

அழுகை நின்றுபோனது!

உதடு அசைந்தது. எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். போனை எடுத்துப் பலகையைப் படம் எடுத்தாள்.

"ஏய்! யாரு போட்டோ எடுக்கச் சொன்னது?"

சப் இன்ஸ்பெக்டர் மணிபாரதி. இளவயசு. நறுக்கிய மீசை.

"டெலிட் பண்ணும்மா. வாட்ஸ்அப்ல போச்சுன்னா உங்க குடும்பத்துக்குத்தான் அசிங்கம்."

அவர் கண் முன்னாலேயே அழித்தாள்.

"சார்... இது எங்க அக்கா எழுதுனது இல்ல."

மணிபாரதி கான்ஸ்டபிள்களை வெளியே போகச் சொன்னார். கொட்டகைக்குள் அவரும் அவளும் மட்டும்... கீழே துணி மூடிய உஷாராணியும்.

"இன்னாம்மா சொல்ற?"

"இது தப்பு நம்பர் சார்."

"தப்பா? ஊரே சொல்லுதே, அவ தினம் எழுதுற பேய் நம்பர்னு! நடுவுல 666 கீதே!"

"ஊரு ஆற மட்டும்தான் பாத்துச்சி. சைபர எவன் எண்ணுனான்? ஒவ்வொரு பக்கமும் பதிமூணு சைபர் இருக்கணும். இதுல பதினொண்ணுதான் கீது."

"சைபர் தானேம்மா... ரெண்டு கொறைஞ்சா இன்னா?"

சுகன்யா அவரை முறைத்தாள்.

"பதிமூணு சைபர் இருந்தா அது பகா எண் சார். முப்பத்தொரு எலக்கம். ஒண்ணையும் அதையும் விட்டா உலகத்துல எந்த நம்பராலும் அத மீதியில்லாம வகுக்க முடியாது. முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் அதேதான். அக்கா அதுக்காகத்தான் உசுர வுட்டா... ச்சே... உசுரா இருந்தா."

"இது?"

"இது ஒடையும்! வலது பக்கத்துல இருந்து மூணு மூணா பிரிங்க. ஒண்ண விட்டு ஒண்ணு கூட்டிக் கழிக்கணும். கழிக்க வேண்டிய எடத்துல பூரா சைபர். மிச்சம் நிக்கிறது ஒண்ணு, அறுநூத்தி அறுவத்தாறு, நூறு. கூட்டுங்க."

"எனக்குக் கணக்கு வராதும்மா."

"எழுநூத்தி அறுவத்தேழு. அத பதிமூணு அம்பத்தொம்பது தடவ முழுங்கிடும். மீதி சைபர். அப்ப மொத்த நம்பரும் பதிமூணால ஒடைஞ்சிபோச்சி. எங்க அக்கா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இப்படி எழுத மாட்டா!"

"சாகப்போற நேரத்துல கை தடுமாறி இருக்கும்மா..."

"ரெண்டு பக்கமும் சமமா தடுமாறுமா சார்?"

மணிபாரதி மேசை மேல் கிடந்த டஸ்டரையும், பாட்டிலையும், உஷாராணியின் போனையும் பாலிதீன் பைகளில் போட்டார்.

"என் போன்லயும் ஒரு போட்டோதான். பாடியும் நடுவுல அந்த 666-உம் தெரியுது. ரெண்டு ஓரமும் விழல. உன் சைபர நம்பி நான் கேஸ் நடத்த முடியாது தங்கச்சி. மருந்து குடிச்சிருக்கா. மனசு சரியில்ல. அடக்கம் முடியட்டும், ஃபைல மூடிடலாம். உங்க அம்மாவுக்கும் நிம்மதி."

நிம்மதி!

பேய் பிடித்துச் செத்த மகள் என்று ஊர் கடைசிவரை சொல்லும். அதற்குப் பெயர் நிம்மதி!

3

பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வந்தது.

அம்மா காசம்மாள் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுகன்யா... இன்னிக்கிக் காலைல கொட்டாய் பக்கம் போனேன்டி. உள்ள சாக்பீஸ் சத்தம் கேட்டுச்சி. கிறீச்... கிறீச்சின்னு."

"கரும்புத் தோகைமா. காத்துல உரசுது."

"எனக்குத் தோகை தெரியாதா? நாப்பது வருஷமா அதுலயே கையறுத்துக்கினவ நானு."

சுகன்யா தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. 'எல்லாரும் நடுவுல நிக்கிற ஆறப் பாத்து பயப்படுறாங்கடி. நான் சைபரப் பாக்கறேன். ரெண்டு பக்கமும் அதுங்க ஒழுங்கா நிக்கிறதாலதான் எவனாலும் அத ஒடைக்க முடியல. ஒண்ணுமில்லன்னு ஒதுக்குறான் பாரு... அதுங்கதான் கணக்கே.'

தெருமுனையில் சத்தம். எழிலரசனின் ஆட்கள் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். எழிலரசன் ஆளுயரத்துக்குக் கைகூப்பிச் சிரித்தார். செத்தவள் மூலையில் ஸ்டாம்ப் சைஸில் இருந்தாள்.

சுகன்யா பல்லைக் கடித்தாள்.

யார்?

கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிச் சண்டை போட்டவர் இந்த எழிலரசன். "காலனிப் புள்ளைங்க கரும்ப ஒடிக்குது" என்று காரணம். அவர் மகள் தேவிக்கும் எஸ்.ஐ. மணிபாரதிக்கும் அடுத்த மாதம் நிச்சயம். வருங்கால மாமனாருக்காக மருமகன் ஃபைலை மூட மாட்டாரா?

இல்லை... பிரிட்டோவா? அத்தை மகன். கம்பெனி வேன் டிரைவர். உஷாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு, "எனக்கு இஷ்டமில்ல" என்ற பதிலை நடுத்தெருவில் வாங்கியவன்.

இருவரில் ஒருவன் என்றால்... அவனைப் பேச வைக்க வேண்டாம். எழுத வைத்தால் போதும்!

பிரிட்டோ பெட்டிக்கு ஆணி தேடிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. கொஞ்சம் அழுகை. மிச்சம் சாராயம்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. போர்டுல எழுதனது அக்கா இல்ல. பதினாலு சைபர் இருக்கணும். மூணு கொறையுது."

"இன்னாடி சொல்ற!"

"நாளைக்கு பாண்டியில இருந்து ஒரு இன்ஸ்பெக்டர் மேடம் போட்டோகிராபரோட வராங்க. எண்ணிப் பாத்தா தெரிஞ்சிரும். கொலகாரன் மாட்டுவான்."

அவன் கையிலிருந்த ஆணி கீழே விழுந்தது.

அடுத்து, மாலையோடு வந்தார் எழிலரசன்.

"இன்னா பொண்ணு... படிச்சவளுக்கு இப்படியா புத்தி போவணும்? அதுக்குத்தான் சொல்றது, ரொம்ப படிக்க வெக்காதீங்கன்னு."

சுகன்யாவின் உள்ளங்கையில் நகம் பதிந்தது. குரலை அடக்கினாள்.

"அக்கா சாகலங்க. சாவடிச்சிருக்காங்க. போர்டுல பன்னெண்டு சைபர் இருக்கணும். ஒண்ணு கொறையுது. நாளைக்கு மேடம் வந்து போட்டோ எடுக்கப் போறாங்க."

"ஒரு சைபருக்கா மேடம் வராங்க?" எழிலரசன் சிரித்தார். ஃபிளக்ஸில் இருந்த அதே சிரிப்பு. ஆனால் மாலையைப் போட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

வாசலில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த மணிபாரதியிடமும் போனாள்.

"சார், பெரிய ஆபீஸ்ல மனு குடுத்துட்டேன். நாளைக்கு மேடம் வராங்க. அதுவரைக்கும் கொட்டாய்க்கு ஒரு காவல் போடுங்க சார். புண்ணியமா போவும்."

"எனக்கு மேல போயிட்ட... ம்?" அவர் தொப்பியைச் சரிசெய்தார். "போடறேன் தங்கச்சி. நீ போயி அக்காவ நல்லபடியா அனுப்பு."

கோயில் மணி அடித்தது.

உஷாராணி புறப்பட்டாள்.

4

ஊரே கல்லறைக்குப் போனது.

எழிலரசன் வரவில்லை. பெட்டி தூக்கிய பிரிட்டோ பாதி வழியில் தோள் மாற்றிவிட்டுக் காணாமல் போனான். பந்தோபஸ்து ஜீப் கல்லறை வாசலில் நின்றது. அதில் டிரைவர் மட்டும்.

சுகன்யா கைப்பிடி மண் போட்டாள். மனசு கொட்டகையில் இருந்தது.

திரும்பி வரும் வழியில்...

"ஆஆஆ...!"

பவுனம்மாள்! மறுபடியும்!

"உஷா வந்துட்டா! எழுதிட்டா! ஓடியாங்க... உஷா வந்து எழுதிட்டா!"

கூட்டம் கரும்புத் தோட்டத்துக்கு ஓடியது. கொட்டகை வாசலில் போலீஸ் கட்டிய ரிப்பன் அப்படியே இருந்தது. காவலுக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

உள்ளே... பலகை.

எண் வளர்ந்திருந்தது!

முதலில் பலகையின் இரண்டு ஓரமும் காலியாகக் கிடந்தன. இப்போது எண் மரச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஏசுவே!" யாரோ மண்டியிட்டார்கள்.

"செத்தும் கணக்கு போடறாளே!"

மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து எழிலரசன் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. வரப்பில் தள்ளாடியபடி பிரிட்டோ. பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு மணிபாரதி.

"யாரும் உள்ள போவாத! தள்ளு! தள்ளு!"

சுகன்யா அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தாள்.

பன்னிரண்டு இருந்தால் எழிலரசன். பதினாலு இருந்தால் பிரிட்டோ.

எண்ண ஆரம்பித்தாள். சத்தமாக.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

காற்று நின்றிருந்தது. தோகைகூட அசையவில்லை.

"...பத்து... பதினொண்ணு... பன்னெண்டு..."

எழிலரசன் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

விரல் நகர்ந்தது. இன்னும் ஒன்று இருந்தது. அதற்கு அப்புறம் இல்லை.

"...பதிமூணு."

வலது பக்கம் எண்ணினாள். பதிமூன்று!

1000000000000066600000000000001

அக்காவின் எண்! அச்சு அசலாக... உடையாத எண்!

சுகன்யாவின் கைமயிர் எழுந்து நின்றது. பதிமூன்று என்று அவள் எழிலரசனிடம் சொல்லவில்லை. பிரிட்டோவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியானால்...

காசம்மாள் மெதுவாக வந்து பலகையைத் தொட்டாள். சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியது.

"அவ வந்தாளாடி?" என்றாள். குரலில் பயம் இல்லை. ஆசை இருந்தது. "எம் பொண்ணு வந்தாளா?"

ஒரு கணம் சுகன்யாவும் நம்பினாள். நம்ப விரும்பினாள். அக்கா இங்கேதான் நிற்கிறாள். கையில் சாக்பீஸ். 'சைபர எண்ணுனியாடி?' என்று கேட்கப் போகிறாள்...

அம்மாவின் விரலுக்குப் பக்கத்தில் பார்வை விழுந்தது.

கடைசி சைபருக்கு அடியில் வெள்ளையாய் ஒரு தேய்ப்பு. பழைய '1'-ஐ அழித்த இடம். அகலமாய்... ஐந்து விரலோடு...

உள்ளங்கை!

சுகன்யாவின் மூச்சு திரும்பி வந்தது. அக்கா வரவில்லை.

அது புரிந்தபோதுதான் அவளுக்கு நிஜமாக அழுகை வந்தது.

பதிமூன்று என்று இந்த ஊரில் அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். இந்தக் கொட்டகைக்குள். கான்ஸ்டபிள்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்ட ஆளிடம்!

திரும்பினாள்.

5

"நல்லாப் போட்டுருக்கீங்க சார்."

மணிபாரதி சிரிக்க முயன்றார். "இன்னாம்மா?"

"சைபர் சார். ரொம்ப உருண்டையா கீது."

"பைத்தியமா உனக்கு? பாத்தியா, உங்க அக்கா எழுதனதுல சரியா பதிமூணுதான் கீது. அன்னிக்கு நீதான் அழுதுக்கினே தப்பா எண்ணிட்ட!"

"அப்ப பவுனம்மா எதுக்கு அலறுச்சி?"

"பாமர ஜனம்..."

"பாமர ஜனத்த விடுங்க மணிபாரதி."

வாசலில் புதுக் குரல். ஜீப்பிலிருந்து இறங்கி வந்து நின்றது ஒரு யூனிபார்ம். ஐம்பது வயது. நரைத்த கொண்டை.

இன்ஸ்பெக்டர் அருள்மொழி!

மணிபாரதியின் கை தானாக சல்யூட் அடித்தது. "மேடம்... நாளைக்குத்தானே..."

"நாளைக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? இந்தப் பொண்ணா? அது எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கு." அருள்மொழி போனை நீட்டினாள். "இந்தப் போட்டோவக் காட்டித்தான் என்னை இங்க இழுத்துக்கினு வந்துச்சு. போர்டு முழுசா இருக்கு. பதினொண்ணு சைபர்."

மணிபாரதியின் முகம் சாக்பீஸ் நிறத்துக்கு வந்தது. "அத... அத டெலிட் பண்ணாளே!"

"நான் மொபைல் கடையில வேல பாக்குறவ சார்," என்றாள் சுகன்யா. "டெலிட் பண்ணது ஒரு மாசம் குப்பைத் தொட்டியில கெடக்கும். எடுத்துக்கலாம்."

"மேடம், இது எவனோ பண்ணிருக்கான்! எழிலரசன் வேட்டியப் பாருங்க, சேறு! பிரிட்டோ..."

எழிலரசன் கொதித்தார். "மாப்ள! மடை திறக்கப் போனேன்யா நானு! இன்னா என் தலையில கட்டற?"

"நான் குடிக்கப் போனேன் மேடம்," என்றான் பிரிட்டோ. "ஊதிக்கூடக் காட்டுறேன்."

"வேணாம், இங்கயே வருது." அருள்மொழி பலகையருகே போனாள். "எஸ்.ஐ. சார்... அழிக்கறதுக்கு டஸ்டர் எங்க?"

மணிபாரதியின் கண் காலி மேசைக்குப் போனது.

"நீங்கதான் சீஸ் பண்ணிட்டுப் போனீங்க இல்ல? அதனால கையால தொடைக்க வேண்டியதா போச்சு. ரேகை எடுக்கறவங்க ஜீப்ல இருக்காங்க."

"நான் விசாரிச்ச எடம் மேடம்... என் ரேகை இருக்கத்தான் செய்யும்!"

"இருக்கும். ஆனா இன்னிக்கு எழுதுன சைபருக்கு அடியில எப்படிய்யா இருக்கும்? அவ போனயும் நீங்கதான் எடுத்து வெச்சிக்கினு இருக்கீங்க. போன்ல அழிச்சாலும் கம்பெனியில கால் லிஸ்ட் இருக்குமே... வாங்கிட்டேன். அவ அதிகமா பேசுன நம்பர் யாருதுன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

மணிபாரதி கரும்பைப் பார்த்தார். ஓடலாம். ஆனால் சுற்றிலும் காலனி நின்றது. களைக்கொத்தியோடு பவுனம்மாள் நின்றாள்.

"நிச்சயத்தன்னிக்கு மண்டபத்துக்கு வருவேன்னா மேடம்..." குரல் உடைந்தது. "எல்லார் முன்னாடியும் கேப்பேன்னா. காலேஜ்ல இருந்து பழக்கம். கட்டிக்கறேன்னு சொன்னேன்... சொன்னதுதான். எங்க வூட்ல ஒத்துக்கவே மாட்டாங்க. ஜூஸ்ல கலந்து... கடைசியா பேசலாம்னு கூப்புட்டேன்..."

"அந்த நம்பர் எதுக்கு?"

"அது மேல அவளுக்குப் பைத்தியம்னு ஊருக்கே தெரியும். பேய்னு நம்புவாங்க... ஆனா எத்தன சைபருன்னு..." தலை தொங்கியது. "அவ எனக்கும் நூறு தடவ சொல்லிக்கீறா. நான் கேட்டதே இல்ல."

எழிலரசன் தன் மருமகனாக வேண்டியவரைப் பார்த்தார். பிறகு தெருமுனை ஃபிளக்ஸ் இருந்த திசையைப் பார்த்தார். அதில் கீழ் வரிசையில் மணிபாரதியின் படமும் இருந்தது. அவசரமாகப் போனை எடுத்தார்.

"டேய்... அந்த ஃபிளக்ஸ அவுருங்கடா!"

காசம்மாள் மணிபாரதியின் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவர் சட்டையை முகர்ந்தாள்.

"சாக்பீஸ் வாசன," என்றாள். "எம் பொண்ணு மேல அடிக்கிற வாசன. இவன் மேல அடிக்கக் கூடாது. இட்டுக்கினு போங்க."

விலங்கு மாட்டினார்கள். போலீஸ் ஜீப்தான். சீட் மட்டும் வேறு.

ஜனம் கலையவில்லை. உள்ளே பலகையில் எண் நின்றது. முன்னால் இருந்து பார்த்தாலும், பின்னால் இருந்து பார்த்தாலும், ஒன்று. யாரும் அதை அழிக்கப் போகவில்லை.

அருள்மொழி ஜீப்பில் ஏறும்முன் சுகன்யாவின் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா. கணக்கே வராதுன்னு உன்கிட்ட சொன்ன ஆளு... எப்படி எஸ்.ஐ. பரீட்சை பாஸ் பண்ணான்?"

"எங்க அக்காதான் மேடம் ஃப்ரீயா டியூஷன் எடுத்திருக்கணும். எத்தன நாளு எடுத்தாளோ..." சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ சொல்லிக்குடுத்து இந்தாளு சரியா போட்ட ஒரே கணக்கு இன்னிக்கிப் போட்டதுதான். அதுலயே மாட்டிக்கினாரு!"